கார்டு பத்திரம், கதவு எண் போச்சு

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலையில் நாடே வீட்டுக்குள் முடங்கி, வாசலுக்கு வரும் பார்சலை நம்பி நாளை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இருண்ட இணையத்தில் ஒரு தேடுபக்கம் முளைத்தது. பத்து இலக்க மொபைல் எண்ணைத் தட்டினால் போதும். அந்த எண்காரர் டோமினோஸில் என்றைக்கெல்லாம் பீட்சா சொன்னார், எந்த வீட்டுக்கு வரவழைத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் தேதிவாரியாக வந்து நின்றன. மொத்தம் 18 கோடி ஆர்டர்கள், 13 டெராபைட் என்று கைவைத்தவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள்.

இந்தியாவில் டோமினோஸ் கடைகளை நடத்தும் ஜூபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ் ஒரு விளக்கம் கொடுத்தது. வாடிக்கையாளரின் கார்டு விவரங்களைத் தாங்கள் சேமித்து வைப்பதில்லை, ஆகவே பணம் சார்ந்த தகவல் எதுவும் வெளியே போகவில்லை என்றது அந்த விளக்கம்.

அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பீட்சா கணக்கு தெரிந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பாதுகாப்பு ஆய்வாளர் கவலைப்பட்டது வேறு ஒன்றுக்காக. ஆட்கள் அதை வைத்து ஒருவரையொருவர் வேவு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அவர் எழுதினார். புரிந்துகொள்வது கடினமில்லை. புருஷனோடு சண்டை போட்டுப் பிரிந்த பெண் வேறு ஊரில் வேறு வீடு பார்த்திருப்பாள். மொபைல் எண் மட்டும் பழசு. சமைக்க அலுத்துப்போன ஒரு ராத்திரியில் வரவழைத்த பீட்சா அவளுடைய கதவு எண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கார்டு எண் திருட்டுப்போனால் வங்கிக்கு ஒரு போன் போட்டு முடக்கிவிடலாம். வாரத்துக்குள் புதிய கார்டு வந்துவிடும். வீட்டை அப்படி முடக்க முடியாது. பெயரை, பிறந்த தேதியை, இருபது வருடமாக வைத்திருக்கும் மொபைல் எண்ணை எவரும் தபாலில் மாற்றி அனுப்புவதில்லை. இருந்தும் ஒவ்வொரு கசிவுக்குப் பிறகும் நிறுவனங்கள் முதலில் சொல்லும் ஆறுதல் ‘உங்கள் கார்டு பத்திரம்’ என்பதுதான்.

கார்டுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு எப்படி வாய்த்தது? இந்தியாவில் அதற்கு ஒரு தேதியே உண்டு. 2020-இல் பணப் பரிவர்த்தனை நிறுவனமான ஜஸ்பேயிலிருந்து, பாதி மறைத்த கார்டு விவரங்கள் சுமார் 3.5 கோடி வெளியேறின. செய்தி மறு ஆண்டு ஜனவரியில்தான் ஊருக்குத் தெரிந்தது. 2022 அக்டோபர் 1 முதல் எந்தக் கடையும் வாடிக்கையாளரின் கார்டு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்தான் என்று ரிசர்வ் வங்கி கறாராகச் சொல்லிவிட்டது. கடைகள் முனகின, தள்ளிப்போடக் கேட்டன, கடைசியில் செய்தன. கார்டில் மோசடி நடந்தால் வங்கிக்கும் கை கடிக்கும். அதனால் பூட்டு வந்தது. முகவரி போனால் கடிபடுவது வாடிக்கையாளர் ஒருவர்தான். அதற்குப் பூட்டுப் போட யாருக்கும் அவசரம் இல்லை.

ஆர்டர் விவரம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2007 நவம்பரில் ஃபேஸ்புக், பீக்கன் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. அதில் சேர்ந்த வெளித்தளங்களில் ஒருவர் எதை வாங்கினாலும் அது அவருடைய நண்பர்களின் பக்கத்தில் செய்தியாகிவிடும். அமெரிக்கர் ஒருவர் ஓவர்ஸ்டாக் தளத்தில் மனைவிக்குத் தெரியாமல் வைர மோதிரம் வாங்கினார். மோதிரம் கைக்கு வருவதற்குள் சேதி மனைவியிடம் போய்விட்டது, ஊரறிய, தள்ளுபடி விவரத்தோடு. வழக்குப் போட்டார்கள்; 95 லட்சம் டாலரில் சமரசம் ஆனது; 2009-இல் பீக்கன் மூடப்பட்டது. மோதிரமாக இருந்ததால் சிரித்துவிட்டுப் போகலாம். கர்ப்பப் பரிசோதனைக் கருவியாக இருந்திருந்தால்?

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு 2024 அக்டோபரில் கிட்டத்தட்டப் பதிலே சொல்லிவிட்டது. ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடைக்காரர் அமேசான் வழியாக மருந்து விற்றார். போட்டிக் கடைக்காரர் வழக்குப் போட்டார். மருந்துச் சீட்டே தேவைப்படாத மாத்திரையானாலும், அதை ஆர்டர் செய்யும்போது கொடுக்கும் பெயர், முகவரி, பொருள் விவரம் மூன்றும் சேர்ந்தால் அது உடல்நலத் தகவல்தான் என்றது தீர்ப்பு. மாத்திரை வாங்கியவருக்கா, அவருடைய மாமியாருக்கா என்பது தெரியாவிட்டாலும் அப்படித்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்வீடனில் அப்போடெக்கெட் என்ற மருந்துக்கடைத் தொடருக்கு 3.7 கோடி குரோனர் அபராதம். அங்கே திருடன் யாரும் நுழையவில்லை. கடையே தன் இணையதளத்தில் மெட்டா நிறுவனத்தின் கண்காணிப்புத் துணுக்கைப் பதித்து வைத்திருந்தது. யார் என்ன வாங்கினார்கள் என்பது அதன் வழியே விளம்பரக் கம்பெனிக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

இதிலெல்லாம் கொடூரமானது பிரான்ஸின் லெட்ஜர் விவகாரம். கிரிப்டோ நாணயங்களின் சாவியைப் பத்திரப்படுத்தும், பென் டிரைவ் போன்ற கருவியை விற்கும் கம்பெனி அது. கருவி உடைபடவே இல்லை. 2020-இல் உடைந்தது அதன் ஆன்லைன் கடையின் வாடிக்கையாளர் பட்டியல். அந்த ஆண்டு டிசம்பரில் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் இலவசமாகக் கொட்டப்பட்டன. பெட்டகம் விற்ற கடைக்காரரே, பெட்டகம் வாங்கியவர்கள் வீட்டு விலாசத்தைத் தெருவில் ஒட்டிவிட்ட மாதிரி. மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. மறு வருடம் சிலருக்கு, புதுக் கருவி என்று சொல்லி, உள்ளே வேலை காட்டிய போலிக் கருவியே தபாலில் வந்தது. அந்தப் பட்டியலில் ஒரு பகுதி வெளியேறிய வழியும் கவனிக்கத்தக்கது. லெட்ஜரின் கடை ஓடிய ஷாப்பிஃபை தளத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்த இரண்டு ஊழியர்கள், 200-க்கும் குறைவான கடைகளின் தகவலை எடுத்திருந்தார்கள்.

ஹேக்கர் என்றதும் இருட்டறை, முகமூடி, பச்சை எழுத்து ஓடும் திரை என்று ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. உண்மையில் ஒரு ஆர்டர் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஹேக்கர் கொஞ்சம் பின்னால்தான் நிற்பார். கடையின் தளம், அதில் பதித்த விளம்பரத் துணுக்குகள், பணம் வாங்கும் இடைநிறுவனம், கிடங்கு, பொட்டலம் கட்டுபவர், கூரியர் அலுவலகம், ஒப்பந்தத்தில் ஓடும் டெலிவரி ஆள், புகார் கேட்கும் கால் சென்டர். ஒவ்வொரு கையிலும் ஒரு திரை. திரையில் வாடிக்கையாளரின் வீடு. அமேசானின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஆட்கள் பொழுதுபோக்காகப் பிரபலங்களின் கொள்முதலைத் தேடிப் பார்த்தார்கள், கான்யே வெஸ்ட் முதல் அவெஞ்சர்ஸ் பட நடிகர்கள் வரை, என்று 2021-இல் வயர்ட் இதழும் ரிவீல் செய்திக்குழுவும் சேர்ந்து எழுதின. சீனாவில் 2020-இல் யுவான்டோங் கூரியரின் ஹெபெய் கிளை ஊழியர்கள் தங்கள் லாகினை வாடகைக்கு விட்டார்கள். வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுவதுபோல அவ்வளவு சாதாரணமாக. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் போனது.

கடைசிக் கை டெலிவரி ஆளுடையது. பார்சல் கொடுக்க வாங்கிய எண்ணுக்கு ராத்திரி ‘ஹாய்’ அனுப்புவது உள்ளூர்ப் பிரச்சினை மட்டுமில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2023-இல் கருத்துக் கேட்டபோது, 18 முதல் 34 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், வியாபாரத்துக்காகக் கொடுத்த எண்ணுக்கு வேண்டாத காதல் தூது வந்ததாகச் சொன்னார்கள்.

எந்த ஊர்க் குப்பைத் தொட்டியின் பக்கத்திலும் ஒரு நிமிடம் நின்றால் இந்த விவகாரத்தின் மலிவான பதிப்பு கிடைக்கும். பிரித்துப் போட்ட பழுப்பு அட்டைப்பெட்டி. மேலே வெள்ளை லேபிள்: பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. பழைய எண், புது எண் இரண்டும். இரண்டாம் மாடி. ‘பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து, பச்சை கேட்’. மொபைல் எண். கையில் வாங்கவேண்டிய தொகை 649 ரூபாய். பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறையில் மடித்த பில். குழந்தை டயப்பர், சைஸ் உட்பட. நம் ஊர் விலாசமே ஒரு வழிகாட்டி. அதோடு ‘மாலை 6 மணிக்கு மேல் வரவும்’ என்று வேறு எழுதிக்கொடுக்கிறோம். ஆறு மணி வரை வீட்டில் ஆள் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிட முடியாது. சில நிறுவனங்கள் இப்போது லேபிளில் போன் எண்ணை அச்சடிப்பதை நிறுத்தி, டெலிவரி ஆளும் வாங்குபவரும் இடைநிலை எண் வழியாகப் பேசும்படி செய்கின்றன. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சேதாரம் பெரும்பாலும் ஒரு போனில்தான் தொடங்கும்.

“சார், உங்க பார்சல் வந்திருக்கு, அட்ரஸ் கிடைக்கல. மிக்ஸி ஜார்தானே போட்டிருந்தீங்க?”

“ஆமாங்க.”

“நம்ம டெலிவரி பையன் லைன்ல வரமாட்டேங்கிறான் சார். ஒரு நம்பர் அனுப்புறேன், அதை அப்படியே டயல் பண்ணிடுங்க, அவனுக்குக் கனெக்ட் ஆயிடும்.”

அனுப்பும் எண் *21* என்று தொடங்கும். அது அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் குறியீடு. டயல் செய்த கணத்திலிருந்து வங்கி சரிபார்க்கப் போடும் போனும், ஓடிபி சொல்லும் குரலும் எதிராளிக்குப் போகும். இப்படி நடக்கிறது என்று மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் எச்சரித்திருக்கிறது. ஏமாந்தவர்கள் அழைக்க வேண்டிய எண் 1930. ஓடிபி சொல்லாதே என்று எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. ‘மிக்ஸி ஜார்’ என்று சரியாகச் சொல்லும் குரலைச் சந்தேகிக்க யாரும் பழகவில்லை. ஆர்டர் விவரம்தான் இங்கே திருடனுக்கு அடையாள அட்டை.

தைவானில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. என்ன வாங்கினீர்கள், எந்தத் தேதி, எவ்வளவு என்று பிசகாமல் சொல்வார்கள். பிறகு, ஊழியர் தவறுதலாக அதைப் பன்னிரண்டு தவணையாகப் பதிந்துவிட்டார், ரத்து செய்ய ஏடிஎம்முக்குப் போங்கள் என்பார்கள். போனவர் தன் கையாலேயே பணத்தை அனுப்பிவிட்டு வருவார். அந்த நாட்டுக் காவல்துறையின் 165 என்ற உதவி எண் பிரிவு, எந்தெந்தக் கடையில் பொருள் வாங்கியவர்களுக்கு இப்படி அதிக அழைப்பு வருகிறது என்று கடைப் பெயரோடு பட்டியல் வெளியிடுகிறது. இந்தியப் போலீஸ் காப்பியடிக்க வேண்டிய யோசனை. ஒரு கடைக்கு அபராதத்தைவிட அந்தப் பட்டியலில் பெயர் வருவது வலிக்கும்.

நம் பக்கத்தில் இன்னொரு எளிய வகை: யாரும் கேட்காத பார்சல், பணம் கொடுத்து வாங்கவேண்டியதாக வாசலில் நிற்கும். பெயர் சரி, கதவு எண் சரி. வீட்டில் இருக்கும் தாத்தா ‘பையன் ஏதோ போட்டிருப்பான்’ என்று 500 ரூபாயை நீட்டிவிடுவார். சாயங்காலம் பிரித்தால் கந்தல் துணி.

திருடிய தகவலின் விலையைப் பார்த்தால் இதெல்லாம் ஏன் ஓயவில்லை என்பது புரியும். 2020-இல் மளிகைத் தளமான பிக்பாஸ்கெட்டின் வாடிக்கையாளர்கள் சுமார் 2 கோடி பேரின் விவரம் 40,000 டாலருக்கு விலை பேசப்பட்டது. ஆறு மாதத்தில், 2021 ஏப்ரலில், அதே தொகுப்பு இலவசமாக வீசப்பட்டது. 2024-இல் போட் நிறுவனத்தின் ஹெட்போன், வாட்ச் வாங்கிய 75 லட்சம் பேரின் பெயர், முகவரி, போன் எண் வெளியே வந்தபோது அதன் விலை ஏறக்குறைய 2 யூரோ. கார்டு எண் முடக்கப்பட்டால் செத்த பாம்பு. முகவரிப் பட்டியல் விலை குறையக் குறைய அதிகக் கைகளுக்குப் போகிறது; விஷம் அப்படியே இருக்கிறது.

அலட்சியத்தால் கைவிட்டது ஒரு ரகம் என்றால், மூடி மறைப்பது வேறு ரகம். ஷீ இன் ஆடைக் கடையிலிருந்து 2018-இல் 3.9 கோடி கணக்குகளின் விவரம் களவு போனது. அதன் அன்றைய உரிமை நிறுவனமான ஸோடாப், 64.2 லட்சம் பேர் என்றுதான் வெளியே சொன்னது. கார்டு விவரம் போனதற்குத் தடயமே இல்லை என்றும் சாதித்தது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2022 அக்டோபரில் இதைப் பொய் என்று நிறுவி 19 லட்சம் டாலர் வாங்கினார். 3.9 கோடியால் வகுத்தால் தலைக்கு ஐந்து சென்ட் தேறாது. டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் தளத்தில் நடந்த திருட்டு பற்றி மான்ஸோ வங்கி 2018 ஏப்ரலிலேயே எச்சரித்தது; ‘எங்களிடம் ஒன்றும் இல்லை’ என்று இருந்துவிட்டு ஜூன் கடைசியில்தான் ஒப்புக்கொண்டார்கள். உரையாடல் பெட்டிக்காக வெளியாரிடம் வாங்கிப் பதித்த நிரலில் திருட்டுக் கண்ணி இருந்தது.

சில இடங்களில் திருட்டுச் சாமர்த்தியம்கூடத் தேவைப்படவில்லை. பிரான்ஸில் ஆப்டிகல் சென்டர் என்ற கண்ணாடிக் கடையின் தளத்தில், முகவரிப் பட்டியில் இருக்கும் எண்ணை மாற்றினால் அடுத்தவர் பில் திறந்தது. கண் பவர், சமூகப் பாதுகாப்பு எண் உட்பட. ரேஷன் கடையில் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைச் சொன்னால் அவருடைய சர்க்கரையைக் கொடுத்துவிடுவதைப் போன்ற ஏற்பாடு. 2018-இல் இரண்டரை லட்சம் யூரோ அபராதம். மேல்முறையீட்டில் இரண்டு லட்சமானது.

இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது, ஆனால் நடந்து வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர ஆறு ஆண்டு ஆயிற்று. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலாகும். அதற்குப் பிறகு பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை தண்டம். கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். 2 கோடிக்குக் குறையாத பயனாளர்களைக் கொண்ட ஆன்லைன் கடைகள், மூன்று வருடம் எட்டிப் பார்க்காத வாடிக்கையாளரின் தகவலை, 48 மணி நேரம் முன்னதாக அறிவித்துவிட்டு அழிக்க வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் தண்டத் தொகை போய்ச் சேருவது அரசின் தொகுப்பு நிதியில். ஏமாந்த தாத்தாவுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்க இருந்த வாசலையும் புதிய சட்டம் அடைத்துவிடுகிறது. வீண் புகார் கொடுக்கும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் என்பதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் ஓட வேண்டிய தூரத்துக்கு இன்னோர் உதாரணம், பக்கத்துக் கடையின் கல்லா. பொருளைக் கொடுக்கும் முன் ‘நம்பர் சொல்லுங்க’ என்று கேட்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. எண் தராதவருக்கு பில் மறுக்கக் கூடாது. தர மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னால் வரிசை முணுமுணுக்கும், கல்லாப் பெண் ‘சிஸ்டம் எடுக்காதுங்க’ என்பாள். அவள் மேல் குற்றமில்லை. திரை உண்மையிலேயே எடுக்காதபடிதான் எழுதப்பட்டிருக்கும்.

இந்த எல்லாமும் ஒரே இடத்தில் கூடிய சம்பவம் அண்மையில் தென் கொரியாவில் நடந்தது. கூபாங் அங்கே ராத்திரி ஆர்டர் செய்தால் விடிவதற்குள் கதவருகே வைத்துவிடும் கடை. 2025 நவம்பரில் 4,500 பேரின் தகவல் போய்விட்டது என்று முதலில் அறிவித்தது. பத்து நாளுக்குள் அந்த எண் 3.37 கோடிக் கணக்குகளாக வீங்கியது. நாட்டின் மக்கள்தொகையே ஐந்து கோடிச் சொச்சம்தான். திருட்டு ஜூன் மாதமே தொடங்கியிருந்தது. சந்தேகம் விழுந்தது வேலையை விட்டுப்போன ஊழியர் ஒருவர் மேல். தலைமை அதிகாரி பதவி விலகினார். கார்டு விவரம், கடவுச்சொல் எதுவும் போகவில்லை என்று வழக்கமான ஆறுதலும் வந்தது. போனது பெயர், போன், வீட்டு முகவரிப் பட்டியல், சில ஆர்டர்கள். விடியற்காலையில் யாரையும் எழுப்பாமல் பார்சல் வைப்பதற்காக, அடுக்குமாடியின் பொது வாசலைத் திறக்கும் எண்ணைப் பலர் டெலிவரிக் குறிப்பில் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஊழியர் சேமித்து வைத்தது சுமார் 3,000 கணக்குகள் மட்டுமே என்று டிசம்பரில் கம்பெனி தானாக ஒரு கணக்குச் சொன்னது. அதிலேயே 2,609 வாசல் எண்கள் இருந்தன. விசாரணை முடியாமல் இதை எப்படி அறிவிக்கலாம் என்று அரசு கடிந்துகொண்டது.

பிறகு இழப்பீடு. ஒவ்வொருவருக்கும் 50,000 வோன், மொத்தம் 1.69 லட்சம் கோடி வோன் என்று தலைப்புச் செய்தி வந்தது. பணமாக இல்லை, கூப்பனாக. அதிலும் கூபாங் கடையில் செலவழிக்க 5,000, அதன் உணவு டெலிவரிக்கு 5,000. மீதி 40,000 வோனும் அந்தக் கம்பெனியின் பயணப் பிரிவுக்கும் ஆடம்பர அழகுப்பொருள் பிரிவுக்கும் சரிபாதி. கோபித்துக்கொண்டு கணக்கை மூடிவிட்டுப் போனவர்களுக்கும் உண்டு என்றார்கள். கூப்பனைச் செலவழிக்க அவர்கள் திரும்பவும் உள்ளே வந்து, கணக்குத் தொடங்கி, பார்சல் வர வேண்டிய வீட்டின் முகவரியைக் கொடுத்தாக வேண்டும். வேண்டுமென்றால், வாசல் எண்ணையும்.